கப்பல் பேங்க்கில் கடைசி மாலைக் கணக்கு

கழுத்தில் ரோஜா மாலை. கையில் டோக்கன் சீட்டு. உடம்பில் என் தங்கச்சி பிடிவாதமாகக் கட்டிவிட்ட சந்தன நிறப் பட்டு. பக்கத்தில் அதே மாதிரி மாலையோடு, புது வேட்டி சட்டையில் வியர்த்துக் கொட்டிக்கொண்டு என் மாப்பிள்ளை.

நாங்கள் நின்றது கல்யாண மண்டபத்தில் இல்லை. ராயபுரத்தில், எங்கள் பேங்க் ஹாலில், நான் இத்தனை வருஷம் உட்கார்ந்து வேலை பார்த்த கவுன்ட்டருக்கு எதிரே, வரிசையில் நின்றோம்.

"யம்மா ரூபி மேடம்! எங்கள எத்தினி தபா 'லைன்ல நில்லு, லைன்ல நில்லு'ன்னு வெரட்டிகீறே! இன்னிக்கு நீ நில்லும்மா. சோக்கா கீது பாக்க!"

கத்தியது தேசம்மா. காசிமேட்டில் மீன் ஏலம் எடுக்கிறவர். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதிலிருந்தே என்னோடு சண்டை போடும் வாடிக்கையாளர். அவர் சொன்னதும் ஹாலில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். எனக்கு வெட்கம் ஒரு பக்கம் பிடுங்கித் தின்றது, சந்தோஷம் ஒரு பக்கம் பொங்கியது. ஐம்பதைத் தாண்டிய ஒருத்தி அன்று காலையில்தான் சர்ச்சில் தாலி கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள், பின்னே எப்படி இருக்கும்?

அன்று எங்கள் பேங்க்கின் கடைசி நாள். பெரிய வங்கி ஒன்றோடு எங்களை இணைத்துவிட்டார்கள். மதியம் இரண்டு மணியோடு பழைய கம்ப்யூட்டரில் புதுக் கணக்குத் திறப்பது நின்றுவிடும். சாயங்காலம் கட்டிடத்தைப் பூட்டிவிடுவார்கள். அதற்குள் எங்கள் இருவருக்கும் ஒரு மாலைக் கணக்கு வேண்டும். அதுதான் பந்தியைக்கூடப் பார்க்காமல் ஓடி வந்தோம்.

அது என்ன மாலைக் கணக்கு என்று வடசென்னைக்கு வெளியே இருக்கிற வாசகர்கள் கேட்பீர்கள். கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருகிறேன். என்னை அந்த வரிசையிலேயே விட்டுவிடுங்கள், நான் எங்கும் போய்விட மாட்டேன். விட்டால் என் இடத்தைத் தேசம்மா பிடித்துக்கொள்வார்.

கரையில் நின்ற கப்பல்

போன வாரம் இந்தத் தொடரில் என் அப்பாவின் மளிகை மண்டியைப் பற்றி எழுதியிருந்தேன். அப்பா மாதிரி தெற்கத்தி ஜில்லாக்களிலிருந்து ரயிலேறி வந்தவர்கள் தண்டையார்பேட்டையிலும் ராயபுரத்திலும் ஏராளம். கருப்பட்டி, வற்றல் மிளகாய், கயிறு, உப்பு என்று எதையாவது மொத்தமாக வாங்கி விற்றுப் பிழைத்தார்கள்.

அந்தக் காலத்துப் பெரிய பேங்க்குகளில் இவர்களுக்கு நாற்காலி கிடையாது. வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்புவார்களாம். கருப்பட்டி மண்டி வைத்திருந்த ஒரு அண்ணாச்சிக்கு ஒருநாள் மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "உக்கார ஒரு பேங்க்கு இல்லைன்னா நாமளே ஒண்ணு ஆரம்பிப்போம்" என்று நாலு வியாபாரிகளைக் கூட்டினார். கருப்பட்டி வாசம் அடிக்கும் ஒரு சரக்குக் கிட்டங்கியின் மாடியில் பேங்க் தொடங்கியது. முதலில் வாங்கிப் போட்ட சாமான் வாடிக்கையாளர்களுக்கான பெஞ்சு.

பேங்க் நன்றாக வளர்ந்தபின், சொந்தக் கட்டிடம் கட்டும்போது அண்ணாச்சி ஒரே பிடியாக நின்றார். துறைமுகத்தைப் பார்த்து நிற்கப் போகிற கட்டிடம் கப்பல் மாதிரிதான் இருக்க வேண்டும் என்றார். என்ஜினீயர் தலையில் அடித்துக்கொண்டாராம். ஆனாலும் கட்டினார். முன்பக்கம் வளைவு, வட்ட வட்டமாய் ஜன்னல், மொட்டைமாடி முழுக்க இரும்புக் கம்பித் தடுப்பு, உச்சியில் கொடிக்கம்பம். கட்டி முடிகிற வரை ஊரே சிரித்தது. முடிந்த பிறகு அதே ஊர் குடும்பத்தோடு வந்து அதன் முன் நின்று போட்டோ எடுத்துக்கொண்டது.

பேங்க்குக்கு நீளமாக ஒரு பெயர் இருந்தது. அதைச் சொல்லி வழி கேட்டால் யாருக்கும் தெரியாது. திருவொற்றியூரிலிருந்து வரும் ஷேர் ஆட்டோக்காரர்கள் இன்றைக்கும் "கப்பல் பேங்க்லாம் எறங்கு!" என்றுதான் கத்துகிறார்கள்.

உள்ளே ஹாலுக்கு நடுவில், உத்தரத்துக் கொக்கியில், ஒரு வெண்கல மணி. உடைத்துப் போட்ட ஏதோ ஒரு கப்பலிலிருந்து அண்ணாச்சி வாங்கி வந்து மாட்டியது. கப்பல் என்றால் மணி வேண்டாமா என்று கேட்பாராம். எதற்கு அடிப்பது என்று அவருக்கே அப்போது தெரியாது.

மழைக்கு ஒதுங்கிய ஜோடி

திறப்பு விழா முடிந்த சில நாட்களில் நல்ல மழை. பக்கத்துத் தெருவிலிருந்து போன ஒரு கல்யாண ஊர்வலம் நனைந்துபோய் பேங்க்குக்குள் ஒதுங்கியது. மாப்பிள்ளையும் பொண்ணும் மாலையோடு பெஞ்சில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சி வியாபாரி. கடைக்குள் வந்தவரை வெறுங்கையோடு அனுப்பினால் அவருக்குத் தூக்கம் வராது.

"மாலையும் கழுத்துமா வந்திருக்கீங்க. சும்மா போனா நல்லாவா இருக்கும்? ரெண்டு பேர் பேர்லயும் ஒரு கணக்கு ஆரம்பிச்சுட்டுப் போங்க" என்றார். ஆரம்பப் பணத்தையும் அவரே போட்டார். பாரம் எழுதிய குமாஸ்தா வழக்கம்போல் மாப்பிள்ளை பெயரை முதலில் எழுதப் போனார். அண்ணாச்சி தடுத்தார். "பொண்ணு பேர முதல்ல போடுவே. வீட்ட நடத்தப் போறது அவதான்." பிறகு தானே எழுந்துபோய் அந்த மணியை அடித்தார். கூட்டம் கை தட்டியது. மழை விட்டது. ஆளுக்கு ஒரு கை கற்கண்டு கொடுத்து அனுப்பினார்கள்.

அடுத்த முகூர்த்தத்தில், மழை இல்லாமலே, இன்னொரு ஜோடி மாலையோடு வந்தது. அவ்வளவுதான், வழக்கமாகிவிட்டது!

கோயிலில் கட்டியவர்களும் சர்ச்சில் மோதிரம் மாற்றியவர்களும் வந்தார்கள். வண்ணாரப்பேட்டையிலிருந்து நிக்காஹ் முடித்து, முகத்தை மறைக்கும் பூச்சரத்தோடு மாப்பிள்ளைகள் வந்தார்கள். பொண்ணு பெயர் முதலில், கணக்கைத் திறந்த ஊழியர் மணி அடிக்க வேண்டும், ஹாலில் இருக்கிறவர்கள் கை தட்ட வேண்டும், கற்கண்டு கொடுக்க வேண்டும். இதுதான் மாலைக் கணக்கு. "கப்பல் பேங்க்ல மணி அடிச்சாச்சா?" என்று கேட்டால் எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்ததா என்று அர்த்தம்.

அந்த மணியை என் காலத்தில் பெரும்பாலும் அடித்தவள் நான். தேசம்மாவின் பெண்களுக்கு அடித்தேன். என் சொந்தத் தங்கச்சிக்கு அடித்தேன். ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருவர் "உனக்கு எப்ப மேடம்?" என்று கேட்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே "அடுத்த டோக்கன்" என்பேன். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் சிரிப்பு வராது. அப்பா போனபின் வீட்டைத் தூக்கி நிறுத்தவே என் வயசு போய்விட்டது, அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்த மணி எனக்காக ஒருமுறை அடிக்க வேண்டும் என்ற ஆசை இருந்தது. ரொம்பவே இருந்தது. யாரிடமும் சொன்னதில்லை.

"இன்னும் டைம் இருக்கா, மேடம்?"

மாப்பிள்ளையை அறிமுகப்படுத்தவே இல்லையே! பெயர் ஜெயபால். காசிமேடு போகிற வழியில் படகுக் கயிறும் வலையும் விற்கும் கடை. மனைவி இறந்து பல வருஷம். ஒரே மகள், கட்டிக்கொடுத்தாகிவிட்டது. வாரா வாரம் கடைப் பணம் கட்ட வருவார். மற்ற கவுன்ட்டர் காலியாக இருந்தாலும் என் வரிசையில்தான் நிற்பார். அதை நான் கவனிக்கவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

பேங்க் மூடுகிற செய்தி நோட்டீஸ் போர்டில் ஒட்டிய அன்று வந்தார். நோட்டீஸைப் படித்தார். திரும்பப் படித்தார். என் ஜன்னலுக்கு வந்து, சலானைக் கொடுக்காமல் நின்றார்.

"மேடம், இந்த மாலைக் கணக்குக்கு இன்னும் டைம் இருக்கா?"

"இருக்கே. யாருக்குக் கல்யாணம்?"

"அது நீங்கதான் சொல்லணும்."

எனக்குக் காது அடைத்துவிட்டது. பின்னால் நின்ற ஆள் "சார், சீக்கிரம்" என்கிறார். என் வாயில் என்ன வந்தது தெரியுமா? "பாரம் அந்த மேஜையில இருக்கு, எடுத்துப் பூர்த்தி பண்ணிட்டு வாங்க." இத்தனை வருஷ உத்தியோகம், வேறு என்ன வரும்! அவர் பாவம், நிஜமாகவே போய்ப் பாரத்தை எடுத்தார். முதல் கட்டத்தில் என் பெயரை எழுதி, கீழே தன் பெயரை எழுதி, என் முன்னால் வைத்தார். நான் அழுதுகொண்டே சீல் குத்தினேன்.

சர்ச்சில் மூன்று ஞாயிறு ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிக்க வேண்டும். விரலை மடக்கி எண்ணிப் பார்த்தால், ஓலை முடிந்து கல்யாணம் வைக்கக் கிடைத்தது பேங்க்கின் கடைசிச் சனிக்கிழமைதான். அவர் மகளே முன்னால் நின்று எல்லா ஏற்பாடும் செய்தாள்.

கே.ஒய்.சி. புதுப்பிக்கவும்

இனி, என்னை நிற்கவிட்டு வந்த வரிசைக்குத் திரும்புவோம்.

ஊழியர் தன் கணக்கைத் தானே திறக்கக் கூடாது என்பது விதி. அதனால்தான் நான் இந்தப் பக்கம். என் நாற்காலியில் ஷமீம் இருந்தாள். வண்ணாரப்பேட்டைப் பெண், வேலைக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. "வாங்க அக்கா, உக்காருங்க" என்றவள் என்னைவிடப் படபடப்பாக இருந்தாள். அவளுக்கு இதுதான் முதல் மாலைக் கணக்கு.

அப்போதுதான் ஜெயபால் என் முழங்கையைத் தொட்டார். அவர் பார்த்த திசையில் நானும் பார்த்தேன். உத்தரத்தில் வெறும் கொக்கி. மணி மாடிப்படிக்குக் கீழே, கோணி சுற்றி, சீட்டு ஒட்டிக் கிடந்தது.

மேனேஜர் கார்த்திக் ஓடி வந்தார். புது வங்கி அனுப்பிய கோயம்புத்தூர்க்காரர், தம்பி வயசு. "மன்னிச்சுக்கோங்க மேடம். காலைல ஆளுங்க வந்துட்டாங்க. ஹெட் ஆபீஸ்ல காட்சிக்கு வைக்கிறாங்களாமுங்க. சங்கிலி துருப்பிடிச்சு அவிழ்க்க முடியாம வெட்டி எறக்கிட்டாங்க. அஞ்சு மணிக்கு லாரி வருதுங்க."

பரவாயில்லை, கணக்காவது கிடைக்கட்டும் என்று நாற்காலியில் உட்கார்ந்தேன். ஷமீம் என் வாடிக்கையாளர் எண்ணைத் தட்டினாள். தட்டியவள் அப்படியே நிமிர்ந்து பார்த்தாள்.

"அக்கா... சிஸ்டம் எடுக்க மாட்டேங்குது. உங்க கே.ஒய்.சி. பெண்டிங்."

வாசகர்களே, அந்தக் கவுன்ட்டர் கண்ணாடியில் "கே.ஒய்.சி. உடனே புதுப்பிக்கவும்" என்று சிவப்பு எழுத்தில் ஒட்டியிருந்தவள் யார்? நான். அதைச் செய்யாதவர்களை நாள் முழுக்கத் திட்டியவள் யார்? நானேதான். திருவொற்றியூருக்கு வீடு மாறியவள், அந்தப் புது முகவரியைத் தன் சொந்தக் கணக்கில் ஏற்றவே இல்லை. ஊருக்கெல்லாம் சொன்ன பல்லி கூழ்ப்பானையில் விழுந்துவிட்டது.

தேசம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அய்யய்ய! டீச்சரம்மாவே பெயிலா? 'ஆதாரு எடுத்தா, போனு எடுத்தா, ஓடிபி சொல்லு'ன்னு எங்கள எவ்ளோ பேஜாரு பண்ணே! எங்க, எடு நீயி!"

எங்கே எடுக்க? ஆதாரும் போனும் கைப்பையில். கைப்பை மண்டபத்தில் தங்கச்சியிடம். ஷமீமின் போனிலிருந்து அவளைக் கூப்பிட்டால், அங்கே போட்ட ஸ்பீக்கர் சத்தத்தில் எடுக்கவே இல்லை. மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. வெளியே துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள், எப்போதும்போல், முக்கால் ரோட்டை அடைத்து நின்றன. எங்கள் காரும் அந்தக் கூட்டத்துக்கு நடுவில் மாட்டியிருந்தது.

"அக்கா, என் ஸ்கூட்டி இருக்கு" என்றாள் ஷமீம்.

ஜெயபால் சாவியை வாங்கினார். "வாரேன்" என்று ஒரே சொல்தான். மாலையைக்கூடக் கழற்றவில்லை.

ரோஸ் கலர் ஸ்கூட்டி

வட்ட ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வேட்டியை மடித்துக் கட்டி, ரோஜா மாலையோடு, ரோஸ் கலர் ஸ்கூட்டியில் என் புருஷன் லாரிகளுக்கு நடுவே புகுந்து போகிறார். லாரிக்காரர்கள் ஹாரன் அடித்து உற்சாகப்படுத்துகிறார்கள். யாரோ விசில் அடித்தார்கள். எனக்குப் பயமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

மண்டபம் பக்கம்தான். போனால் உடனே வந்துவிடலாம். ஆனால் வரவில்லை. நானும் கடிகாரத்தைப் பார்க்கிறேன், வாசலைப் பார்க்கிறேன். தங்கள் வேலை முடிந்தவர்கள்கூட வெளியே போகாமல் நின்றார்கள்.

"மெய்யாலுமே ஓடிப் போய்ட்டாரா இன்னா?" என்று தேசம்மா மெதுவாகக் கேட்டார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "வந்துடுவாரும்மா. நல்ல மன்சன். அழுவாதே, மை கலஞ்சிடும்."

இரண்டு அடிக்க ரொம்பக் கொஞ்ச நேரமே இருக்கும்போது ஸ்கூட்டி சத்தம் கேட்டது. ஜெயபால் படியேறி ஓடி வந்தார். மாலையில் பாதிப் பூ உதிர்ந்துவிட்டது. ஒரு தோளில் என் கைப்பை. இன்னொரு தோளில் ஒரு பெரிய கயிற்றுச் சுருள்.

எனக்கு வந்ததே கோபம்! "என்னது இது? எங்க போனீங்க?"

"கடைக்கு. கயிறு எடுக்க."

"இங்க ஒவ்வொரு நிமிஷமா உயிர் போகுது, உங்களுக்குக் கயிறு கேக்குதா?"

"மணிய மாட்ட வேண்டாமா ரூபி?" என்றார்.

மேடம் போய் ரூபி ஆனது அந்த நிமிஷத்தில்தான். நான் கைப்பையைத் திறந்தேன்.

ஷமீம் விரல்கள் பறந்தன. ஆதார் எண், ஓடிபி, புது முகவரி. கார்த்திக் தன் அறையிலிருந்து அனுமதி கொடுத்துவிட்டு, முடிந்ததா முடிந்ததா என்று கண்ணாடிக் கதவைத் திறந்து திறந்து கேட்டார். திரையில் அந்தச் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. தேசம்மா மாதாவைக் கூப்பிட்டார். யாரோ ஒரு பெரியவர் "யா அல்லாஹ்" என்றார். நான் யாரையும் கூப்பிடவில்லை, மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"விழுந்துடுச்சு அக்கா! நம்பர் விழுந்துடுச்சு!"

ஹால் அதிர்ந்தது. பாஸ்புக் மெஷின் கரகரவென்று அடித்துத் தள்ளியது. முதல் பெயர் ரூபி. இரண்டாவது பெயர் ஜெயபால்.

இந்தப் பக்கம் நின்று கேட்டபோது

இனி மணி. எல்லோரும் கார்த்திக்கைப் பார்த்தார்கள். அவர் கையில் ஹெட் ஆபீஸ் அனுப்பிய சாமான் பட்டியல். அதைப் பார்த்தார், மணியைப் பார்த்தார், என் பாதி மாலை மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"அஞ்சு மணிக்கு லாரி ஏறோணும்னுதானுங்க போட்டிருக்கு. அதுவரைக்கும் எங்க தொங்கோணும்னு போடலீங்க" என்று சொல்லிவிட்டு, ஏணியை அவரே இழுத்து வந்து பிடித்துக்கொண்டார்.

ஜெயபால் வேட்டியை இறுக்கிக்கொண்டு ஏறினார். கயிற்றைக் கொக்கியில் விட்டு, கீழே நாலு பேர் மணியைத் தூக்கிப் பிடிக்க, படகுக்காரர்கள் போடுகிற முடிச்சாய்ப் போட்டு இறுக்கினார்.

"காத்தால மூணு முடிச்சு, இப்ப நாலாவதா!" என்று தேசம்மா கூவ, ஹாலே கொல்லென்று சிரித்தது.

ஷமீம் மணி நாக்கில் கட்டிய கயிற்றைப் பிடித்தாள். என்னைப் பார்த்தாள். "அடிம்மா" என்றேன்.

அடித்தாள்.

இத்தனை வருஷம் அந்த மணியின் நேர்கீழே நின்று அடித்தவள் நான். காது கிழியும், அவ்வளவுதான் தெரியும். இந்தப் பக்கம், மாலையோடு நின்று கேட்டபோதுதான் அது எவ்வளவு இனிமையான சத்தம் என்று தெரிந்தது. வளைந்த சுவரில் மோதி, வட்ட ஜன்னல்களைச் சுற்றி, என் நெஞ்சுக்குள் வந்து நின்றது. எல்லோரும் கை தட்டினார்கள். மை கலையக் கலைய அழுதேன். கற்கண்டு வாங்க மறந்துபோயிருந்தோம். தேசம்மா கடைக்கு ஓடிப்போய் வாங்கி வந்து ஆளாளுக்கு வாயில் போட்டார்.

அஞ்சு மணிக்கு லாரி வந்தது. வந்த ஆட்கள் ஏணியில் ஏறி முடிச்சோடு மல்லுக்கட்டினார்கள். அது அசையவில்லை. வெட்டலாம் என்றார்கள். "கயிறு கஸ்டமரோடதுங்க, வெட்டப் படாது" என்றார் கார்த்திக். லாரி மணி இல்லாமல் போனது.

திங்கட்கிழமை புதுக் கட்டிடத்தில் வேலை. முழுக்கக் கண்ணாடி, முழுக்க ஏசி. மத்தியானம் வாசலில் சலசலப்பு. புளியந்தோப்பிலிருந்து ஒரு ஜோடி மாலையோடு வந்து நின்றது. பேங்க் மாறியது அவர்களுக்குத் தெரியும், வழக்கம் மாறும் என்று தெரியாது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பொண்ணு பெயரை முதலில் எழுதிக் கணக்கைத் திறந்துவிட்டு, மணிக்கு எங்கே போவது என்று நிமிர்ந்து பார்க்கிறேன். கார்த்திக் தன் அறைக்கு வெளியே, ஜெயபாலோடு நிற்கிறார். இருவருக்கும் நடுவில், கண்ணாடிச் சுவர் ஓரமாக இருந்த இரும்புத் தூணில், அதே கயிற்றில், அதே மணி. பழைய கட்டிடத்தைத் திறந்து, முடிச்சைப் போட்டவரே அவிழ்த்து, அப்போதுதான் கொண்டுவந்து கட்டியிருக்கிறார்கள்.

"தம்பி, ஹெட் ஆபீஸ் கேட்டா என்ன சொல்லுவீங்க?" என்றேன்.

"கேட்டுட்டாங்க மேடம். 'வாடிக்கையாளர் சொத்து, எங்களுடையது அல்ல'ன்னு பதில் போட்டுட்டேனுங்க."

நான் எழுந்து போய் மணியை அடித்தேன். ஏசி ஹாலில் டோக்கனோடு உட்கார்ந்திருந்தவர்கள் திடுக்கிட்டு, பிறகு ஒவ்வொருவராகக் கை தட்டினார்கள். சாயங்காலம் தேசம்மாவிடம் கார்த்திக் போட்ட பதிலைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை.

"பின்ன இன்னா? நம்ம மணிதான அது" என்றார்.